நடுவானில் விமானிக்கு உடம்பு முடியாமல் போனால்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானங்களைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததும் நிறையப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

பைலட்டுக்கு நடுவானில் மாரடைப்பு வந்தால் பிளேன் விழுந்துவிடுமா?

விழாது. பயணிகள் விமானத்தில் குறைந்தது 2 விமானிகள் இருப்பார்கள். நெடுந்தூரப் பயணம் என்றால் மாற்றி ஓய்வெடுக்க 3 அல்லது 4 பேர். மேலே ஏறிச் சீராகப் பறக்கும் நேரம் முழுவதும் ஆட்டோபைலட்தான் விமானத்தைப் பிடித்திருக்கும். ஒருவர் சாய்ந்துவிட்டார் என்பதற்காக விமானம் தலைகுப்புறக் கவிழாது.

2009 ஜூன் மாதம் பிரஸ்ஸல்ஸிலிருந்து நெவார்க் போன கான்டினென்டல் விமானத்தில் கேப்டன் அட்லாண்டிக் கடலுக்கு மேலே இறந்துபோனார். 2015 அக்டோபரில் பீனிக்ஸிலிருந்து பாஸ்டன் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்திலும், 2024 அக்டோபரில் சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் போன டர்கிஷ் ஏர்லைன்ஸ் விமானத்திலும் இதேதான் நடந்தது. மூன்றுமே பத்திரமாகத் தரையிறங்கின.

கோ-பைலட் என்றால் உதவியாளர்தானே? அவருக்குத் தனியாக இறக்கத் தெரியுமா?

தெரியும். இந்தத் தவறான எண்ணம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. துணை விமானி எடுபிடி வேலைக்கு வந்தவர் அல்ல. அதே விமான வகைக்கு முழுப் பயிற்சியும் உரிமமும் பெற்றவர். வழக்கமாக இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். போகும்போது கேப்டன் ஓட்டினால் திரும்பும்போது துணை விமானி ஓட்டுவார், கேப்டன் கண்காணிப்பார், ரேடியோவில் பேசுவார். நீங்கள் பல தடவை பயணம் செய்தவர் என்றால் துணை விமானி இறக்கிய விமானத்திலிருந்து நிச்சயம் இறங்கி நடந்திருப்பீர்கள். கேப்டன் என்பது அனுபவமும், கடைசி முடிவெடுக்கும் அதிகாரமும் சேர்ந்த பதவி.

விமானத்தை வடிவமைத்துச் சான்றிதழ் வாங்கும்போதே, குழுவில் ஒருவர் செயலிழந்தால் மிச்சமிருப்பவரால் சமாளிக்க முடியுமா என்று பார்த்துத்தான் அனுமதி தருகிறார்கள். ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு. தரையில் முன்சக்கரத்தைத் திருப்பும் சின்னக் கைப்பிடி சில விமானங்களில் இடது பக்கத்தில், கேப்டன் கைக்கு எட்டும் இடத்தில் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட விமானத்தைத் துணை விமானி தனியாக அழகாக இறக்கிவிட்டு, ஓடுபாதையிலேயே நிறுத்தி இழுவை வண்டிக்காகக் காத்திருக்க நேரலாம்.

அப்படி ஆகிவிட்டால் காக்பிட்டில் முதல் சில நிமிஷம் என்ன செய்வார்கள்?

முதல் வேலை வைத்தியம் அல்ல. அதுதான் பலருக்கும் ஆச்சரியம். முதல் வேலை விமானம். நன்றாக இருப்பவர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சத்தமாகச் சொல்லிக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வார். ஆட்டோபைலட் இயங்குகிறதா, உயரமும் வேகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் எத்தனை வருஷ நண்பராக இருந்தாலும் அவர் பக்கம் திரும்புவது அதற்கு அப்புறம்தான்.

அடுத்த ஆபத்து, மயங்கியவரின் உடம்பே. முன்பக்கம் சரிந்து கைப்பிடிகள்மேல் விழலாம், கால் விறைத்துப் பெடலை அழுத்தலாம். அதனால் உடனே கேபின் பணியாளரை அழைப்பார். அவர்களுக்கு இதற்கென்றே பயிற்சி உண்டு. மயங்கியவரைப் பின்னால் இழுத்துச் சாய்த்து, தோள்பட்டையைப் பிடிக்கும் பெல்ட்டை இறுக்கிப் பூட்டி, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கால்களைப் பெடலிலிருந்து விலக்குவார்கள். முடிந்தால் ஆக்சிஜன் கொடுப்பார்கள். குறுகலான அந்த அறையிலிருந்து ஆளை வெளியே தூக்கிக்கொண்டு வருவது சுலபமில்லை. அதனால் பல நேரம் இருக்கையிலேயே வைத்துக் கவனிப்பார்கள்.

போயிங் விமானங்களில் இருவரின் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று இணைந்தே அசையும். ஒருவர் உடம்பு அழுத்தினால் மற்றவர் கையில் அது தெரியும், எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும். ஏர்பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கவாட்டுக் கைப்பிடி, ஒன்றோடொன்று இணையாதது. மயங்கியவரின் கை அதன்மேல் கிடந்தால், மற்றவர் தன் கைப்பிடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி அந்தப் பக்கத்தை வெட்டிவிடலாம். 40 நொடி அழுத்தியே வைத்திருந்தால் அந்த வெட்டு நிலையாகிவிடும், அதன்பின் விரலை எடுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

இதெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, ரேடியோவில் "மேடே" என்ற அவசர அறிவிப்பு. தரைக் கட்டுப்பாட்டாளர் மற்ற விமானங்களை விலக்கி வழி விடுவார், நேர்வழி கொடுப்பார், ஓடுபாதைக்கு ஆம்புலன்ஸை வரவழைப்பார்.

உடனே பக்கத்து ஏர்போர்ட்டில் இறக்குவார்களா, போக வேண்டிய ஊருக்கே போவார்களா?

பெரும்பாலும் வழியில் இறக்குவார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் சிராகியூஸுக்குத் திரும்பியது, டர்கிஷ் விமானம் நியூயார்க்கில் இறங்கியது. ஆனால் மிக அருகில் இருப்பது எது என்று மட்டும் பார்ப்பதில்லை. ஓடுபாதை நீளம் போதுமா, வானிலை எப்படி, நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் உண்டா, தனியாக இருக்கும் விமானிக்குப் பழக்கமான இடமா என்றெல்லாம் பார்ப்பார்கள். கான்டினென்டல் விமானத்தில் கூடுதல் விமானி இருந்ததால் இரண்டு இருக்கையிலும் ஆள் இருந்தது, நெவார்க்குக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

மயங்கி விழுந்தால் தெரிந்துவிடும். உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கத்திக்கொண்டு நெஞ்சைப் பிடித்தால் யாருக்கும் தெரியும். ஆபத்தானது சத்தமில்லாத வகை. கண் திறந்திருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கைகூடக் கைப்பிடியில் இருக்கும், ஆனால் மூளை வேலை செய்யாது. பாதி வேலை செய்து தப்பான முடிவெடுப்பது இதைவிட மோசம்.

இதை நம்பகமாகக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் இல்லை. பேச்சுதான் கருவி. ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது, 80 அல்லது 100 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) வேகம் வந்ததும் ஒருவர் அதை உரக்கச் சொல்வார், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வேகமானிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் அது என்று தோன்றும். அதே சொல் "நீ இருக்கிறாயா?" என்றும் கேட்கிறது. இறங்கும்போதும் குறிப்பிட்ட உயரங்களில் இப்படிச் சொல்லும் பதிலும் உண்டு. வெளியிலிருந்து கேட்டால் மந்திரம் ஓதுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பதில் தவறினால் உடனே உறைக்கும். "இரண்டு முறை" என்றொரு விதியும் இருக்கிறது. விமானம் பாதையிலிருந்து விலகுகிறது, ஒரு முறை சொல்லியாயிற்று, பதில் இல்லை. இரண்டாம் முறையும் சொல்லிச் சரியான பதில் வரவில்லை என்றால், அவர் செயலிழந்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். காரணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய டிரைடென்ட் விமானம் சில நிமிடங்களில் ஸ்டெய்ன்ஸ் அருகே விழுந்தது. 118 பேரும் இறந்தார்கள். குறைந்த வேகத்தில் இறக்கைக்குத் தூக்குவிசை தரும் முன்விளிம்புப் பாகங்கள் நேரத்துக்கு முன்பே உள்ளிழுக்கப்பட்டிருந்தன. பிரேதப் பரிசோதனையில் கேப்டனுக்குத் தீவிரமான இதய நோய் இருந்தது தெரியவந்தது. அவருடைய கவனமும் நிதானமும் குலைந்திருக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றது விசாரணை. இந்தச் சத்தமில்லாத செயலிழப்பை அடையாளம் காணப் பயிற்சி தரப்படவில்லை என்பதையும் அது ஒரு காரணமாகச் சொன்னது. இன்று சிமுலேட்டர் பயிற்சியில் ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் பேசாமல் உறைந்துபோவது போல நடிப்பதும் உண்டு.

சின்னவர் பெரியவரிடம் கட்டுப்பாட்டைப் பிடுங்கத் தயங்க மாட்டாரா?

தயங்குவார், மனிதர்தானே. மேலே சொன்ன "இரண்டு முறை" விதியின் அருமை இங்கேதான். "சாருக்கு உடம்பு சரியில்லையோ, ஏதோ யோசிக்கிறாரோ" என்று ஊகிக்கும் சுமையை அது இளையவர் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது. பதில் வரவில்லை, எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கேப்டன் நன்றாக இருந்து வெறும் ஞாபகமறதியாக இருந்தாலும் இளையவர்மேல் தப்பில்லை.

மாரடைப்புதான் முக்கியக் காரணமா?

இல்லை, வயிறுதான். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2010 முதல் 2014 வரையிலான சம்பவங்களை ஆராய்ந்தது. வருஷத்துக்குச் சராசரியாக 23 சம்பவங்கள். முதலிடம் வயிற்றுக் கோளாறுக்கு. அடுத்தது, தரையிலிருந்து விளையாட்டாக அடிக்கும் லேசர் வெளிச்சம். கண் கூசி, சற்று நேரம் எதுவும் தெரியாமல் போய்விடும்.

சிறுநீரகக் கல் வலி, ஒற்றைத் தலைவலி, சளியோடு பறந்து காது அடைத்துக் குத்துவது என்று மற்றவை. செயலிழப்பு என்றதும் மரணம் என்று நினைக்காதீர்கள். கழிப்பறையைவிட்டு வெளியே வர முடியாத விமானியும் செயலிழந்தவர்தான்.

இரண்டு பைலட்டும் வேற வேற சாப்பாடு சாப்பிடுவார்கள் என்பது உண்மையா, கதையா?

உண்மைதான். பல நிறுவனங்களில் இது வழக்கம். 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து அலாஸ்கா வழியாக ஐரோப்பா போன ஜப்பான் ஏர்லைன்ஸ் ஜம்போ விமானத்தில், காலை உணவாகக் கொடுத்த ஹாம் ஆம்லெட் சாப்பிட்ட சுமார் 200 பேருக்கு வாந்தியும் பேதியும். சமைத்தவரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து கிருமி போயிருக்கிறது. விமானிகள் தப்பியது ஏற்பாட்டினால் அல்ல. அலாஸ்காவில் ஏறிய அவர்கள் உடம்புக்கு அது காலை நேரமாகவே இல்லை, அதனால் வேறு உணவு சாப்பிட்டிருந்தார்கள். அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் செக்கப் எல்லாம் பண்ணித்தானே அனுப்புகிறார்கள்? அப்புறம் எப்படி?

முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் பயணிகள் விமானம் ஓட்ட முடியாது. அதை வருஷத்துக்கு ஒரு முறை, வயது கூடினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்புப் பதிவு எல்லாம் பார்ப்பார்கள். ஆனாலும் நேற்று நன்றாக இருந்த ரத்தக்குழாய் இன்று அடைத்துக்கொள்ளலாம். அதை எந்தப் பரிசோதனையும் முழுதாகத் தடுக்காது.

அதனால் மருத்துவர்கள் பூஜ்ஜிய ஆபத்தைக் கேட்பதில்லை. ஒரு விமானி ஒரு வருஷத்தில் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதென்ன, நூற்றில் ஒருவரா என்று பதறாதீர்கள். வருஷத்தில் சுமார் 10,000 மணி நேரம் என்று வைத்தால், 1 சதவீதம் என்பது பத்து லட்சம் மணி நேரத்துக்கு ஒன்று. கிளம்பும்போதோ இறங்கும்போதோ நடந்தால்தான் நெருக்கடி, அது பயணத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த நெருக்கடியிலும் இன்னொரு விமானி சமாளிக்கத் தவறுவது நூற்றில் ஒரு முறை என்று கொண்டால், மொத்த வாய்ப்பு நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டாவது விமானியை எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு அப்படியே சரிந்துவிடும்.

என் பார்வையில் கணக்கில் வராத ஓட்டை வேறு. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் நோயை மறைப்பது, முக்கியமாக மனநோயை. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் 150 பேர் இறந்ததற்குப் பின்னால் அப்படி மறைத்த துணை விமானி ஒருவர்தான் இருந்தார். கேப்டன் வெளியே போன நேரம் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டு, வேண்டுமென்றே விமானத்தை மலையில் மோதினார்.

60 வயசுக்கு மேல் ஆனவரை ஓட்ட விடலாமா?

விடுகிறார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு உச்சவரம்பு 2006 முதல் 65. தொடக்கத்தில் ஒருவர் 60-ஐத் தாண்டியிருந்தால் மற்றவர் 60-க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2014-இல் அதை எடுத்துவிட்டார்கள். கூடவே இன்னொரு விமானி இருக்க வேண்டும் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. வயது கூடினால் இதய நோய் வாய்ப்பு கூடும், மறுக்கவில்லை. ஆனால் வயிற்றுப்போக்குக்கு வயது வித்தியாசம் கிடையாது.

ஒருத்தர் டாய்லெட் போன நேரத்தில் மற்றவர் மயங்கிவிட்டால்?

நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 17 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஸ்பெயினின் செவில்லே போன லுஃப்தான்சா ஏர்பஸ். கேப்டன் கழிப்பறைக்குப் போனார், துணை விமானி உள்ளே தனியாக நினைவிழந்தார். சுமார் 10 நிமிடம் 205 பேரோடு அந்த விமானம் நினைவுள்ள விமானி இல்லாமலே பறந்தது. கட்டுப்பாட்டாளர் மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. ஆட்டோபைலட் பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த கேப்டன் காக்பிட் கதவைத் திறக்கும் வழக்கமான எண்ணைத் தட்டினார், ஐந்து முறை. உள்ளே மணி அடித்தும் யாரும் திறக்கவில்லை. பணியாளர் உள்தொலைபேசியில் கூப்பிட்டும் பயனில்லை. கடைசியில் அவசர எண்ணைத் தட்டினார். இந்த எண் உடனே கதவைத் திறக்காது. உள்ளே இருப்பவர் மறுக்க அவகாசம் கொடுக்கும், மறுக்கவில்லை என்றால்தான் திறக்கும். கடத்தல்காரனிடம் எண் சிக்கினாலும் உள்ளே வரக் கூடாது என்பதற்காக அப்படி. அந்த அவகாசம் முடிவதற்குள் துணை விமானி லேசாகத் தெளிந்து கையால் கதவைத் திறந்துவிட்டார். விமானம் மாட்ரிட்டில் இறங்கியது.

ஜெர்மன்விங்ஸ் சம்பவத்துக்குப் பிறகு, ஒருவர் வெளியே போனால் பணியாளர் ஒருவர் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்ற நடைமுறை பல இடங்களில் வந்தது, அப்புறம் ஐரோப்பாவில் தளர்த்தப்பட்டது. அதை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது ஸ்பெயின் விசாரணை. உள்ளே இருக்கும் பணியாளருக்கு ஓட்டத் தெரிய வேண்டாம், கதவைத் திறக்கத் தெரிந்தால் போதும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இரண்டு பேருமே மயங்கினால்?

ஒரே நேரத்தில் இருவருக்கும் நோய் வருவது மிக அரிது. ஆனால் இருவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் போயிங் 737-இல் காற்றழுத்தத்தைப் பராமரிக்கும் கருவியின் திருகு தானியங்கி நிலையில் இல்லை, கவனிக்காமல் மேலே ஏறினார்கள். எச்சரிக்கை ஒலியை வேறொன்று என்று தப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்து இருவரும் மயங்கினார்கள். ஆட்டோபைலட் விமானத்தை ஏதென்ஸ் வரை கொண்டுபோய் அங்கேயே வட்டமிட வைத்தது. கையில் பிடிக்கும் ஆக்சிஜன் குப்பியோடு ஒரு பணியாளர் காக்பிட்டுக்குள் நுழைந்தபோது எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

35,000 அடியில் காற்றழுத்தம் போனால் தெளிவாகச் செயல்பட அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதனால்தான் காக்பிட் முகமூடியை ஒரே கையால் 5 நொடிக்குள் மாட்டும்படி செய்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் முதலில் முகமூடி, அப்புறம் யோசனை.

அதான் ஆட்டோபைலட் இருக்கே, அதுவே இறக்கிவிடாதா?

பெரிய விமானங்கள் பலவற்றால் தானாக இறங்க முடியும். ஆனால் தானாக முடிவெடுக்காது. ஓடுபாதையில் அதற்கேற்ற வழிகாட்டும் அலைக்கருவி வேண்டும், அலைவரிசையைப் போட வேண்டும், வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை இறக்கி, இறக்கை மடிப்புகளை விரிக்க வேண்டும். எல்லாம் மனிதக் கைதான். ஹீலியோஸ் விமானம் வட்டமடித்துக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம்.

சிறு விமானங்களில் நிலைமை மாறியிருக்கிறது. கார்மின் நிறுவனத்தின் தானியங்கித் தரையிறக்கம் 2020-இல் அனுமதி பெற்றது. பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, தானே அறிவித்து, இறங்கி நின்றுவிடும். பெரிய விமானத்தில் ஏர்பஸ் இது மாதிரி ஒன்றை ஏ350-இல் சோதித்துப் பார்த்திருக்கிறது.

சினிமாவில் வருகிற மாதிரி பயணி ஒருத்தர் இறக்க முடியுமா?

பெரிய பயணிகள் ஜெட்டை அப்படி யாரும் இறக்கியதில்லை. 2022 மே மாதம் ஃபுளோரிடாவில், ஓட்டிய அனுபவமே இல்லாத பயணி ஒருவர் கட்டுப்பாட்டாளர் சொல்லச் சொல்லச் சின்ன செஸ்னா விமானத்தை இறக்கினார். அதையும் பெரிய ஜெட்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். நடைமுறையில் உதவுவது பயணியாக வரும் வேறு விமானிகள். 2023 மார்ச்சில் லாஸ் வேகஸிலிருந்து கிளம்பிய சவுத்வெஸ்ட் விமானத்தில் ஒரு விமானிக்கு உடம்பு முடியாமல் போனபோது, பயணியாக வந்த வேறு நிறுவன விமானி உள்ளே போய் ரேடியோவைக் கவனித்துக்கொண்டார். ஓட்டியது மற்ற விமானிதான்.

பயணிகளிடம் சொல்வார்களா?

"மருத்துவக் காரணம்" என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கான்டினென்டல் விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள், யாருக்கு என்று சொல்லவில்லை. இறங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. இதில் ஒளிவுமறைவு என்று குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இனிமேல் ஒரே பைலட் போதும் என்று கொண்டுவரப் போகிறார்களாமே?

சீராகப் பறக்கும் நேரத்தில் மட்டும் ஒருவர் இருக்க, மற்றவர் தூங்கலாம் என்ற யோசனை சில வருஷமாக ஓடுகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அதை ஆராய்ந்து 2025-இல் அறிக்கை வெளியிட்டது. இன்றைய காக்பிட்டுகளை வைத்துக்கொண்டு, இருவர் இருப்பதற்குச் சமமான பாதுகாப்பைக் காட்ட முடியவில்லை என்பது முடிவு. தனியாக இருப்பவர் செயலிழந்தால் யார் கண்டுபிடிப்பது என்பது முதன்மையான சிக்கல்களில் ஒன்று. தூக்கத்திலிருந்து எழுப்பப்படுபவர் தெளிய எவ்வளவு நேரம் ஆகும் என்பது இன்னொன்று. தனியாக இருப்பவர் கழிப்பறைக்கு எப்படிப் போவது என்பதும் பட்டியலில் இருக்கிறது.